இதோ வந்துட்டேன்

பதில் சட்டென்று வந்துவிட்டது. அதுதான் முதலில் உறுத்தியது.

"என்னங்க, வரீங்களா?" என்று திரும்பாமலே கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் பின்னாலிருந்து, "இதோ வந்துட்டேன்" என்றது குரல். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி, புகையும் தூசியும் குடித்த நெஞ்சு அவருக்கு. நாலு படி ஏறினாலே கீச்கீச்சென்று இழுக்கும், ஒரு பேச்சுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குவார். இப்போது இழுப்பே இல்லை. மலைக்காற்று மனுஷனுக்கு ஒத்துக்கொண்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த 'வந்துட்டேன்' வீட்டில் பெரிய கேலி. தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறைக்குள் நின்றுகொண்டு "வந்துட்டேன்" என்பார். வண்டி வாசலில் நிற்கும், சட்டையே போட்டிருக்க மாட்டார், "வந்துட்டேன்!" "உங்கப்பா வந்துட்டேன்னா இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம்டி" என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்தே போய்விட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மகள் ஏற்பாடு செய்த பயணம் இது. காலையில் மலை கண்ணைப் பறித்தது. சரிவெல்லாம் வெள்ளை, வெள்ளைக்கு மேல் வெயில். "மஞ்சக் கம்பத்தை விடாம நடங்க, மேகம் இறங்கறதுக்குள்ள திரும்பிடுங்க" என்றார் விடுதிக்காரர். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமேயில்லை.

"நீ முன்னாடி போம்மா. வழுக்கினா பிடிக்க ஆள் வேணுமில்ல?"

"யாரு, நீங்களா? நான் விழுந்தா கூடவே விழற ஆளாச்சே!"

சிரித்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். மேகம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. முதலில் பள்ளத்தாக்கு போயிற்று, பிறகு எதிர்ச்சரிவு, பிறகு அடுத்த கம்பம். நனைந்த கம்பளி வாசனையும் ஈர இரும்பு வாசனையும் மூக்கில் ஏறின. பனி காதை அடைத்துவிட்டது போல் எல்லாச் சத்தமும் அமுங்கி, அவளுடைய பூட்ஸ் நறநறப்பது மட்டும் மிச்சமாயிற்று.

அவளுடையது மட்டும்.

நின்றாள். நறநறப்பும் நின்றது.

"பின்னாடிதானே வரீங்க?"

"இதோ வந்துட்டேன்."

அதே தூரம். அதே சுருதி. சற்று முன்பு 'தட், தட்' என்று கைத்தடியால் கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டதே, அது நினைவுக்கு வந்தது. "சின்னப் பிள்ளையாட்டம் விளையாடாதீங்க, நடங்க!" என்று அதட்டியிருந்தாள். தட்டல் மெலிந்து நின்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் குரல் இழுப்பில்லாமல் பேச ஆரம்பித்தது.

விரல் விறைத்துப்போய்க் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். பிளாஸ்டிக் தட்டுப்பட்டது.

இன்ஹேலர்.

கண்ணாடியைத் தொலைப்பார், குடையைத் தொலைப்பார். அதனால்தான் காலையில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள். என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்.

"ஐயோ" என்று திரும்பி ஓடினாள். பாறையைத் தடவிக்கொண்டு, விழுந்து, முட்டி தேய எழுந்து ஓடினாள். "உக்காருங்க! நடக்காதீங்க! நான் வரேன்!"

"இதோ வந்துட்டேன்."

அவள் திரும்பிவிட்டாளே. அவர் எதிரே அல்லவா இருக்க வேண்டும்? குரல் இன்னமும் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். ஒரு கம்பம். இன்னொரு கம்பம். பாதையில் அவளுடைய பழைய தடம் மட்டும்.

அடுத்த கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

கைத்தடி மடியில். புருவத்தில் பனி. வாய் பாதி திறந்தபடி. வலது கை அவள் போன திசையில் நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்து. கொடு என்று கேட்கிற கை. அந்தக் கைக்குழி நிறையப் பனி.

"என்னங்க... இந்தாங்க... இழுங்க. இழுங்க ராசா." இன்ஹேலரை உதட்டிடுக்கில் செருகி அழுத்தினாள். மருந்து திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி.

முதுகுக்குப் பின்னால் பனி நொறுங்கியது.

ஓர் அடி. இன்னோர் அடி.

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள். அந்த உதடு அசையவில்லை.

"வராதீங்க" என்றாள். அவரிடம் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

காதோரம். மூச்சில்லாமல். சூடில்லாமல்.

"வந்துட்டேம்மா."

தோளில் ஓர் உள்ளங்கை கவிழ்ந்தது. அதிலிருந்து பனி கொட்டி அவள் கழுத்துக்குள் இறங்கியது.

எதிரே நீண்டிருந்த கை காலியாக இருந்தது.