நான்கு டால்பின், ஒரு பிணம்!

"ஐயோ... எசமான்!"

அலறியவன் உலைக்காரன் டாவஸ்.

ரோமின் ஆஸ்டியா துறைமுகத்தில் புத்தம்புதுக் குளியல் மாளிகை. இன்று மதியம் திறப்பு விழா. வெந்நீர்க்கூடத்தின் நடுவே, தரையில் சிறு கற்களால் பதித்த கடலரசன் நெப்டியூன் உருவத்தின் தொப்புளில் கன்னம் வைத்துக் கிடந்தார் முதலாளி விபிடியஸ்.

அம்மணமாக.

செத்து!

லிகாஸ் ஓடி வந்தான். ஐந்து மாதம் மண்டியிட்டு அந்த நெப்டியூனைக் கல் கல்லாய்ப் பதித்தவன் அவன்தான். விபிடியஸின் முப்பத்திரண்டு அடிமைகளில் ஒருவன்.

"காயமே இல்லையேடா!"

"காயம் நமக்கு வரும்ணே!" டாவஸ் தலையில் அடித்துக்கொண்டான். "கூரைக்குக் கீழ எசமான் கொலையானா, உள்ள இருந்த அடிமை அத்தனை பேருக்கும் சிலுவை. சட்டம்ணே... சட்டம்!"

காவல் அதிகாரி ருஃபிலஸ் அவித்த கடலையை மென்றபடி வந்து சேர்ந்தார்.

"எவன்டா கொன்னது? சட்டுன்னு சொல்லுங்க. முப்பத்திரண்டு சிலுவைக்கு மரம் தேடணும். என் கஷ்டம் எனக்கு!"

லிகாஸ் பிணத்தை உற்றுப் பார்த்தான். கன்னங்கள் செக்கச்செவேல்! பக்கத்தில் ஒரு குருவி...

அதுவும் செத்திருந்தது.

"ஐயா, இது கொலை இல்லீங்க!"

"கொன்னவன் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பான்."

"எசமானைக் கொல்ல எங்க முப்பத்திரண்டு பேருக்கும் காரணம் இருக்கு. குருவியை எவன் கொல்லுவான்?"

ருஃபிலஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

"மேல சொல்லு."

"இந்தத் தரைக்குக் கீழ வெத்து இடம். செங்கல் தூண் மேல நிக்குது. உலைச் சூடு அடியில ஓடி, சுவருக்குள்ள இருக்கிற மண்குழாய்ல ஏறி, முகப்புல நாலு ஓட்டை வழியா வெளிய போகணும்."

"ஓட்டையா? முகப்புல நான் பார்த்தது நாலு டால்பின்!"

"அதேதான் ஐயா! ஓட்டையைச் சுத்திக் கரி படிஞ்சா அசிங்கமாம். திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்களாம். சுதையில டால்பின் செஞ்சு அடைக்கச் சொன்னார். 'எசமான், சுவருக்கும் மூக்கு வேணும்'னேன். 'உன் மூக்கு உனக்கு வேணுமா?'ன்னார். நேத்து சாயங்காலம் அடைச்சேன்."

"அப்புறம்?"

"முதல் குளியல் எனக்குத்தான்னு காலையில கதவைச் சாத்திக்கிட்டார். வெளிய போக வழியில்லாத கரிக்காத்து, தரையோர இடுக்கு வழியா உள்ள வந்திருக்கு. எசமான் கன்னம் சிவந்ததும், குருவி செத்ததும் அதாலதான்..."

"கதை நல்லாருக்கு. காட்டு!"

வெளியே ஓடினார்கள். லிகாஸ் ஏணியில் ஏறினான். உளியை வைத்தான். தன் கையால் செய்த டால்பினின் தலையில்...

ஒரே போடு!

குபீரென்று பாய்ந்தது கரும்புகை. கீழே நின்ற ருஃபிலஸின் முகம் அடுப்புச் சட்டியாகிவிட்டது.

"சபாஷ்டா!" இருமலுக்கு நடுவே கத்தினார். "விபத்துதான்! நம்பறேன்!"

டாவஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். லிகாஸ் இறங்கி வந்தான்.

"அப்போ நாங்க..."

"இரு, இரு. நீதிபதிக்கு எழுதணுமில்ல? முதலாளி சொல்லி நீ அடைச்சா விபத்து. நீயா அடைச்சா கொலை. அவர் சொன்னதைக் கேட்டது யாரு?"

"நான்."

"வேற?"

"யாருமில்லீங்க... எசமான்தான்."

"அவர் வரமாட்டார்."

ருஃபிலஸ் அவன் தோளில் கை போட்டார். பாசமாகத்தான்.

"அடிமை சும்மா வாயால சொன்னா சாட்சியாகாதுன்னு தெரியுமில்ல? கட்டி வெச்சு, மூட்டு மூட்டா இழுத்து வாங்கின வாக்குமூலம்தான் செல்லும். சட்டம் நான் போட்டதில்லைப்பா."

தெரியும். ரோமானியப் பேரரசில் பால்குடி மறக்காத அடிமைக் குழந்தைக்கும் அது தெரியும். சுவரைப் பேச வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டான் லிகாஸ்.

சுவர் பேசியது. கொன்றது எது என்று சொன்னது. அடைத்த கை யாருடையது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது!

இனி அவன் வலி தாங்கினால் முப்பத்திரண்டு உயிர்கள் மிஞ்சும்.

தாங்காவிட்டால்...

தன் கைகளைப் பார்த்தான். கல் பதித்துப் பதித்து ஏற்கெனவே வீங்கிய மூட்டுகள். ஒரு நாழிகைகூடத் தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது.

இரண்டு காவலர்கள் அந்தக் கைகளைப் பின்னால் வளைத்தார்கள்.

"ஐயா... வலி பொறுக்காம 'நான்தான் கொன்னேன்'னு சொல்லிட்டா?"

"தாராளமா செல்லும்."

"இப்போ சொன்னேனே... நீங்க நம்பினீங்களே... அது?"

ருஃபிலஸ் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார்.

"அது வெறும் உண்மைதான்டா... சாட்சியம் இல்லை!"