மூன்றாம் கவுண்டர் யாருக்கு?

"அய்யோ... ஓனர் சார்!"

புஷ்பாவின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

காலை எட்டு நாற்பது. போர்ட் பிளேயரின் 'நீலம் ப்ளாசா' டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறக்க இன்னும் இருபது நிமிடம். தரையைத் துடைத்துக்கொண்டே வந்த புஷ்பா, மூன்றாம் கவுண்டரை ஒட்டிய ட்ரையல் ரூம் கதவைத் தள்ளினாள். கதவு பாதிதான் திறந்தது.

உள்ளே முதலாளி ஜெகநாதன் குப்புறக் கிடந்தார்!

கழுத்தைச் சுற்றி மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் புடவை. அதில் தொங்கிய டேக்கில் பளிச்சென்று அச்சாகியிருந்தது... 'ராஜகுமாரி சில்க்ஸ், கவுண்டர் 3.'

ஆம்புலன்ஸ் வந்து அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தது. கூடவே ஒரு கான்ஸ்டபிள் போனார். புடவை மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் போய், இன்ஸ்பெக்டர் ஜெயமணியின் கையில் இருந்தது.

விஷயம் இதுதான். நீலம் ப்ளாசாவில் பாத்திரம், மிக்ஸி, சோப்பு எல்லாம் ஜெகநாதனின் சொந்தச் சரக்கு. துணி மட்டும் இல்லை. கீழ்த்தளத்தில் மூன்று கவுண்டர்களை மூன்று துணிக்கடைக்காரர்களுக்கு விட்டிருந்தார். சரக்கு அவர்களுடையது. இடமும் பில்லும் ஸ்டோருடையது. ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முதல் இரண்டும் ரெடிமேட். வாசலைப் பார்த்த மூன்றாவது, ஒன்பது வருடமாக ராஜகுமாரியின் புடவைக்கடை.

எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் இருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வருகிறவள். அந்தக் கவுண்டரை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அந்த இடத்தின் மேல்தான் மெயின்லேண்ட் புடவை பிராண்ட் ஒன்று கண் வைத்திருந்தது. நேற்று சாயங்காலம் ஜெகநாதன் அதைச் சொன்னதும் ராஜகுமாரி போட்ட சத்தத்தை, குக்கர் வாங்க வந்த கூட்டமே படியில் நின்று கேட்டது. என்னை இங்கிருந்து எழுப்ப வேண்டுமென்றால் ஒரு பிணம் விழ வேண்டும் என்று வேறு சொல்லித் தொலைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

ஜெயமணியின் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து அந்தக் கான்ஸ்டபிள்.

"ஹான்... ஹான்... டீக் ஹை" என்று இந்தியில் மட்டும் பேசிவிட்டு வைத்தார்.

"வழியிலேயே உயிர் போயிடுச்சாம்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

புஷ்பா அழ ஆரம்பித்தாள். ராஜகுமாரிக்கு அழுகைகூட வரவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கவுண்டர் போகுமோ என்று நேற்று பயந்தாள். இன்று ஆளே உள்ளே போய்விடுவாள் போல இருக்கிறது!

"எட்டு மணியில இருந்து எங்கம்மா இருந்தே?" என்று அவளைக் கேட்டார் ஜெயமணி.

"எட்டு பத்துக்கு பின் கேட் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டேன் மேடம். சென்னை கப்பல்ல வந்த பண்டல் குடோன்ல கிடந்துச்சு. அதைத்தான் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"கூட யாரு?"

"பண்டல்தான் மேடம்..."

கேமரா இருக்கிறதா என்று கேட்டார் ஜெயமணி. இருக்கிறது. ஆனால் ரிப்பேர். அதற்கான பார்ட்ஸ் மூன்று மாதமாகக் கப்பலில் வந்துகொண்டே இருக்கிறது.

அப்போதுதான் ஸ்டோர் மேனேஜர் ஸ்ரீதர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். சென்னைக்காரன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். கையில் ஒரு ஃபைல்.

"மேடம், இதை நான் சொல்லியே ஆகணும். சார் காலைல ஏழே முக்காலுக்கே வந்துட்டார். பிராண்ட் அக்ரிமென்ட்ல என் கண்ணு முன்னாடி கையெழுத்து போட்டார். எட்டேகாலுக்கு அந்த விஷயத்தை இவங்ககிட்ட சொல்லத்தான் இந்தப் பக்கம் வந்தார். அப்புறம்..."

"கையெழுத்து போட்டதை நீங்களே பார்த்தீங்களா?"

"பக்கா மேடம். என் பேனாவுலதான் போட்டார்."

ஜெயமணி காகிதத்தைப் பார்த்தார். ஜெகநாதன் என்று வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து. மூன்றாம் கவுண்டர், இன்று முதல் பிராண்டுக்கு.

ராஜகுமாரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

"இது உன் சரக்கா பாரு" என்று ஜெயமணி புடவைக் கவரை அவள் முன்னால் நீட்டினார்.

பார்க்கவே பயந்து, ஓரக்கண்ணால்தான் முதலில் பார்த்தாள். பிறகு குனிந்தாள். டேக் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"எந்த மடையன் பட்டுல ஓட்டை போட்டான்?"

கொலைப் பழி தலைக்கு மேல் தொங்குகிறது... இவளுக்குப் புடவை கவலை!

"என்ன ஓட்டை?"

"டேக் கன் மெஷினால குத்தியிருக்கு மேடம். சட்டை, ஜீன்ஸுக்குக் குத்துறது. பட்டுல குத்தினா இழை பிரிஞ்சுடும், எந்தக் கல்யாணப் பொண்ணும் தொட மாட்டா. நாங்க முந்தானைக் குஞ்சத்துல நூல் போட்டுத்தான் டேக் கட்டுவோம். என் ரேக்குல நானூறு புடவை இருக்கு. ஒண்ணுல இப்படி ஓட்டை இருந்தா, விலங்கு மாட்டுங்க. இது என் சரக்கே இல்ல."

ஜெயமணி ரேக்குக்குப் போனார். ஒன்று... பத்து... முப்பது புடவை பிரித்துப் பார்த்தார். அத்தனையிலும் நூல்தான்.

மூன்று கடைக்கும் டேக் அச்சடிப்பது யார் என்று விசாரித்தார். ஸ்டோர் ஆபீஸ். ரெடிமேட் கவுண்டர்களுக்கு டேக் குத்திக் கொடுப்பது? அதுவும் ஸ்டோர் ஆபீஸ். டேக் கன் எங்கே இருக்கும்? மேனேஜரின் மேஜை டிராயரில். சாவி? மேனேஜரின் பாக்கெட்டில்.

எல்லோரும் ஸ்ரீதரைப் பார்த்தார்கள்.

அவன் சிரித்தான்.

"மேடம், ஒரு ஓட்டையை வச்சு கேஸ் நடத்துவீங்களா? கோர்ட்ல சிரிப்பாங்க. என்கிட்ட கையெழுத்து இருக்கு. செத்தவர் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப்போறாரா?"

"அதையும் கேட்டுடலாமே..."

ஜெயமணி போனை எடுத்தார். நம்பரைத் தட்டினார். ஸ்பீக்கரைப் போட்டு, அக்ரிமென்ட் கையெழுத்தைப் பற்றி இரண்டே வார்த்தையில் கேட்டார்.

முதலில் கரகரவென்று ஒரு இருமல். பிறகு ஒரு குரல்.

"ஸ்ரீதர்... நான் எதுலடா கையெழுத்து போட்டேன்?"

ஜெகநாதன்!

ஸ்ரீதரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபைல் கீழே விழுந்தது.

"லாங் ஐலண்ட்ல இருந்தெல்லாம் போட் ஏறி ராஜகுமாரியைத் தேடி வர்ற கல்யாணக் கூட்டம்தான், மேல ஏறி என் பாத்திரத்தை வாங்குது. அதை யோசிச்சுத்தான் பிராண்ட் வேணாம், அந்த பிராண்ட்காரன் கொடுத்த சாம்பிள் புடவையைத் திருப்பி அனுப்புன்னு காலைல உன்கிட்ட சொன்னேன். அவகிட்டயும் சொல்லலாம்னு வந்தா, பின்னாலேர்ந்து கழுத்துல சுருக்கு விழுது. யாருன்னு பார்க்கக்கூட முடியல. இல்லாத கையெழுத்தைக் காட்டி இப்ப நீயே சொல்லிட்டே."

ஸ்ரீதர் வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஐந்தே நிமிடத்தில் கக்கிவிட்டான். அந்த பிராண்டின் அந்தமான் ஏஜென்சி அவன் மனைவி பெயரில் வர இருந்ததாம். முதலாளி வேண்டாம் என்றதும் வெறி. கையில் இருந்த சாம்பிள் புடவையாலேயே இறுக்கிவிட்டு, அவர் செத்துவிட்டார் என்று நம்பி, அவசர அவசரமாக ராஜகுமாரி பெயரில் ஒரு டேக் அச்சடித்துக் கை பழகிய டேக் கன்னால் குத்திவிட்டான். கையெழுத்தும் அவன் கைவரிசைதான்.

ராஜகுமாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார்... என் கவுண்டர்?"

"உன்னுதுதாம்மா. ஒரு வருஷம் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு எழுதிக்கலாம். முதல்ல போய் கடையைத் திற. மணி ஒன்பதரை ஆச்சு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஓவென்று, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். புஷ்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

விலங்கோடு நின்ற ஸ்ரீதர், ஜெயமணியிடம் மெல்ல முனகினான்.

"செத்துட்டார்னு பொய் சொன்னீங்களே மேடம்... இப்ப என்னை எங்க கொண்டு போறீங்க?"

"ஜெயிலுக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்துல அந்தமான் ஜெயிலுக்காக மெயின்லேண்ட்ல இருந்து நாலு நாள் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாங்க. உங்களுக்கு ஜீப்புல பத்தே நிமிஷம், சலோ!"