அஞ்சு செகண்ட் லேட்!

"ஐயோ… கொலை! கொலை! என் ஊட்டுக்காரர எவனோ அடிச்சுப் போட்டுட்டானே!"

அஞ்சம்மாளின் அலறலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரெண்டு மணி ஷிப்ட் சங்கே தோற்றுப்போனது.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், புது டிஷ்ஷின் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்த நஜ்மாவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். தடதடவென்று ஏணியில் இறங்கினாள். ஹாலுக்குள் பாய்ந்தாள்.

பாய்ந்தவள் அப்படியே நின்றாள்.

தரையில் அரசப்பன் குப்புறக் கிடந்தார்!

பன்னிரண்டு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர். ஊரில் பெரிய கை. இப்போது அந்தக் கை ரெண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பரப்பிக் கிடந்தன. பின்மண்டையில் சிவப்பாக ஏதோ வழிந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது…

மூலையில் பழைய டிவி. அதில் கிரிக்கெட் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நஜ்மா குனிந்து மூக்கருகே விரலை வைத்தாள்.

"கத்தாதீங்கம்மா! மூச்சு இருக்குது!"

"இருக்குதா?"

அஞ்சம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

அடுத்த கணம்… முதல் அலறலை விடப் பெரிய அலறல்!

"ஐயய்யோ! எல்.சி.டி. டிவியக் காணோமே!"

*

இந்த விபரீதத்துக்கு மூல காரணம் பக்கத்து வீட்டு அன்புராஜ்.

அது 2009 டிசம்பர். எச்.டி. என்ற இரண்டு எழுத்து ஊருக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தது. பூவில் உட்கார்ந்த ஈயின் கால் ரோமம் கூடத் தெரியுமாம்! அன்புராஜ் தன் பழைய டிஷ் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, தெருவிலேயே முதல் ஆளாக எச்.டி. பெட்டி வைத்தார். வைத்ததோடு விட்டாரா? பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

அரசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு முப்பத்திரண்டு அங்குல எல்.சி.டி. டிவிப் பெட்டியை மினிடோர் வண்டியில் ஏற்றித் தெருவை மூன்று சுற்று சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அட்டைப் பெட்டிக்குப் பொட்டு வைத்து, பூ சுற்றி, ஜன்னலோரம் தெருவுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினார். "கேபிளத் தூக்கிப் போடு, எச்.டி. டிஷ் மாட்டு" என்று நஜ்மாவுக்குப் போன் போட்டார்.

நஜ்மாவும் அவள் புருஷன் கமாலும் பழவேற்காட்டுக்காரர்கள். பஜாரில் சின்னதாக டிஷ் கடை. மாடி ஏறுவது நஜ்மா. கீழே நின்று ஒயர் இழுப்பது கமால். ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே கமாலுக்கு உலகம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

காலையில் வந்ததுமே நஜ்மா கேட்டாள்.

"டிவியப் பிரிச்சிடலாமா சார்?"

"கை வைக்காத! நாலரைக்கு மேலதான் நல்ல நேரம். நானே பிரிப்பேன். நீ மேல போய் வேலையப் பாரு!"

அந்தப் பெட்டிதான் இப்போது காணோம்.

*

நஜ்மா 108-க்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டையில் இருந்து கிளம்பிவிட்டதாம்.

ஸ்டேஷன் அடுத்த தெரு என்பதால் சப்-இன்ஸ்பெக்டர் சாலமோன் முதலில் வந்தார். மீசை கொஞ்சம். குரல் நிறைய.

"ஊட்ல யார் யாரும்மா இருந்தீங்க?"

"நான் பின்னால கெணத்தாண்ட துணி அலசிக்கினு இருந்தேன் சார். இவுரு உள் ரூம்ல படுத்துக்கினு இருந்தாரு. இந்தப் பொண்ணு மாடியில. இதோட புருஷன் மட்டும் ஹால்ல ஒயர் இழுத்துக்கினு இருந்தான். இப்ப அவனக் காணோம் சார்!" அஞ்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இந்த ஊட்ல ரெண்டு நாளா திருட்டுதான் சார்! முந்தா நேத்து என் அம்மிக் குழவி போச்சு. இன்னிக்கு டிவி போச்சு!"

"அம்மிக் குழவிய எவம்மா திருடுவான்?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்!"

அப்போது வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டியின் டர்ர்ர் சத்தம்.

கமால்! கேரியரில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி!

"புடிங்க சார் அவன!" அஞ்சம்மாள் பாய்ந்தாள்.

சாலமோன் பெட்டியை உதைத்தார். காலி!

"டிவி எங்கடா?"

"எ… எந்த டிவி சார்? இது டிஷ் வந்த பொட்டி சார். உள்ள இருந்த குப்பயக் கடைல கொட்டிட்டு, ஒயர் முனைக்கு மாட்டற பின்னு எடுத்துக்கினு வரேன் சார்!" கமால் சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்து நீட்டினான். "நஜ்மா… இன்னா பேஜாரு இது?"

"ஏறுடா ஜீப்ல!"

நஜ்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

அன்றைக்கு டிஷ் கம்பெனி ஆள் வருகிறார். கடையைப் பார்த்துவிட்டு ஏஜென்சி எழுதிக் கொடுக்கப் போகிறார். நாலு வருஷம் வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கியது அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான். திருட்டுக் கேஸ் என்றால் எவன் கையெழுத்துப் போடுவான்? அதை விடுங்கள்… ஏணிக்கே பயப்படுகிற மனிதர் லாக்கப்பில் ஒரு மணி நேரம் தாங்குவாரா? கமாலின் வெளுத்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையை விடக் கோபம் அதிகமாக முட்டியது.

"சார், ஒரு நிமிஷம்! வேற யாரையுமே விசாரிக்காம…"

"என்னயும் விசாரிச்சுக்கோங்க சார்!"

வாசலில் வேட்டியை மடித்துக் கட்டியபடி அன்புராஜ்! முகமெல்லாம் வேர்வை. வாயெல்லாம் பல்.

"நான் என் ஊட்ல எச்.டி.ல மேட்ச் பாத்துக்கினு இருந்தேன் சார். இப்பக் கூட ஓடிக்கினுதான் இருக்குது, ஃபுல் சவுண்டு! சந்தேகம்னா தெருவக் கேளுங்க. மூணாவது விக்கெட்டு உழுந்தப்ப 'அவுட்டே'னு கத்தினேன் பாருங்க… தெரு மொத்தமும் நானும் ஒண்ணா! ஒரே சவுண்டு!"

"ஆமா சார்," என்றாள் அஞ்சம்மாள். "நானே கேட்டேன். எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் வந்துச்சு. அது கேட்டு கொஞ்ச நேரத்துல உள்ள வந்தேன், இவுரு இப்படிக் கெடக்குறாரு!"

நஜ்மா நிமிர்ந்தாள்.

ஒண்ணாவா?

காலையிலிருந்து மாடியில் அவள் சிரித்துக்கொண்டிருந்த விஷயம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. முதல் விக்கெட் விழுந்தபோது தெருவே கத்தியது. கத்தி முடித்து அடங்கியது. அப்புறம்தான் அன்புராஜின் ஒற்றைக் குரல், 'அவுட்டே!' என்று தனியாக வந்தது. இரண்டாவது விக்கெட்டுக்கும் அதே கூத்து!

மூன்றாவதுக்கு மட்டும் ஒண்ணாக வந்தது!

"சார்… அடுத்த விக்கெட் உழுறவரைக்கும் வெயிட் பண்ணுவீங்களா?"

"இன்னாம்மா, விளையாடறியா?"

"என் புருஷன் மேல சத்தியமா சொல்றேன் சார். ஒரே ஒரு விக்கெட்! அப்புறம் நீங்க யாரக் காட்டறீங்களோ அவன நானே ஜீப்ல ஏத்தறேன்!"

சாலமோன் கமாலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். ஸ்கோரையும் பார்த்தார்.

"சரி… ரெண்டு ஓவர்தான்!"

எல்லோரும் நின்றார்கள். ஒருவர் கிடந்தார்.

ஒரு பந்து. இரண்டு பந்து. ஃபோர்!

"சே!" என்றார் சாலமோன்.

எட்டாவது பந்து. ஒன்பதாவது. கமால் கண்ணை மூடி முணுமுணுவென்று ஓத ஆரம்பித்தான்.

பத்தாவது பந்து… ஸ்டம்ப் பறந்தது!

"அவுட்ட்ட்!"

ஹால் டிவி கத்தியது. தெரு கத்தியது. சாலமோனும் கத்தினார். தரையில் கிடந்த அரசப்பனின் வலது கை கூட லேசாகத் துள்ளியது போல் நஜ்மாவுக்குத் தோன்றியது!

"எண்ணுங்க சார்! ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு…"

சுவருக்கு அந்தப் பக்கம், அன்புராஜ் வீட்டு டிவி 'ஓ'வென்று அலறியது!

"கேட்டீங்களா சார்? இந்தத் தெருவுல எல்லாம் கேபிளு. இவுரு ஒருத்தர்தான் எச்.டி. டிஷ். அந்தப் பொட்டி வானத்துலர்ந்து வர்ற படத்த வாங்கி, பிரிச்சு, அப்புறம்தான் காட்டும். அதுக்கு அஞ்சு செகண்டு லேட்டு! ரெண்டு விக்கெட்டுக்கும் தெரு கத்தி முடிச்ச பிறகுதான் இவுரு கத்தினாரு. மூணாவதுக்கு மட்டும் எப்படி சார் தெருவோட சேந்து கத்தினாரு?"

சாலமோன் மெல்லத் திரும்பினார்.

"என்னய்யா, ஜோசியமா?"

அன்புராஜின் வாயிலிருந்த பல் ஒவ்வொன்றாக உள்ளே போனது.

"அவுரு எச்.டி. பொட்டி முன்னால இல்ல சார்," என்றாள் நஜ்மா. "கேபிள் ஓடற டிவி முன்னால நின்னுக்கினு இருந்தாரு. இதோ, இந்த டிவி!"

"ஐயோ, தப்புதான் சார்!" அன்புராஜ் தடாலென்று காலில் விழுந்தார். "டிவியத் தூக்கினது நான்தான்! இந்தத் தம்பி வண்டிய எடுத்துக்கினு போனதும், பக்கச் சுவரு ஏறிக் குதிச்சு வந்தேன். தூக்கிக்கினு திரும்புறேன்… அந்நேரம் பாத்து விக்கெட்டு உழுந்துச்சு சார்! வாய அடக்க முடியல!"

"உனக்கு எதுக்குய்யா அவர் டிவி?"

அன்புராஜ் நஜ்மாவைப் பார்த்தார். நஜ்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வீட்டில் எச்.டி. பெட்டி மாட்டியதும் அவள்தான்; யாரிடமும் சொல்லாதே என்று அவர் கெஞ்சியிருந்தாரே!

"என் டிவி பழைய குண்டு டிவி சார்… எச்.டி. பொட்டி மாட்டியும் அதே பழைய படம்தான் வருது. என் ஊட்ல தெரியாத எச்.டி. இவன் ஊட்ல மட்டும் தெரியலாமா? ஆனா இவன நான் அடிக்கல சார்! தொடக் கூட இல்ல!"

"பொய்யி!" என்றது ஒரு குரல்.

பிணம் எழுந்து உட்கார்ந்திருந்தது!

"இவன்தான் அடிச்சான் சார்! வுடாதீங்க! எனக்குப் புது எல்.சி.டி. வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க… ஆ! ஆ! கண்ணு! எரியுதே!"

காதோரம் இறங்கிய சிவப்பு கண்ணுக்குள் போய்விட்டது. சாலமோன் அதை விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"ஆவக்காய்!"

"ஊறுகாயா?" அஞ்சம்மாளின் கண் விரிந்தது.

"நைனா அரசப்பா," சாலமோன் குரலைத் தாழ்த்தினார். "திருடன் போறதப் பாத்தும் பிடிக்காம, ஊறுகாயத் தடவிக்கினு படுத்துக்கினியா? ஒரு ஏமாந்த தம்பி ஜீப்ல ஏறப் போறானேன்னு கூடப் பாக்காம? ஏன்யா?"

 கண் எரிச்சலையும் மீறி அரசப்பன் முகத்தில் ஒரு திருட்டு முழி.

அன்புராஜ் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார். பூச்சரம் கூட வாடவில்லை.

"பிரிக்காதீங்க!" அரசப்பன் பதறினார். "நல்ல நேரம் இன்னும்…"

சாலமோன் ஒரே கிழியாகக் கிழித்தார்.

வைக்கோல். மேலும் வைக்கோல். அடியில் கல் மாதிரி ஏதோ கையில் தட்டியது. வெளியே எடுத்தார்.

அம்மிக் குழவி!

டிவி? கிடையவே கிடையாது! காசை எடுக்க மனசு வராமல், காலி அட்டைப் பெட்டியை மட்டும் வாங்கி வந்து, கனத்துக்குக் குழவியை வைத்து, தெருவை மூன்று சுற்று சுற்றியிருக்கிறார் மனிதர்! நாலரை மணிக்குப் பெட்டியைப் பிரித்தால் மானம் போய்விடுமே என்று தவித்தவருக்கு, அன்புராஜ் திருட வந்தது தெய்வமே வந்தது போல் இருந்திருக்கிறது. திருட்டோடு அடிதடியும் சேர்ந்தால், பக்கத்து வீட்டுக்காரன் புது டிவியே வாங்கித் தந்தாக வேண்டுமே!

சாலமோன் கமாலின் தோளைத் தட்டி, 'நீ போ தம்பி' என்றார். நஜ்மா அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாவது ஒன்றாவது! வெள்ளிக்கிழமை அவர்களுடையது.

"கடசியில ஒருத்தர் ஊட்லயும் எச்.டி. இல்லியா?" என்றான் கமால் அப்பாவியாக.

"இல்லாட்டி இன்னா மச்சான்? எல்லாமே பளிச்னு தெரிஞ்சு போச்சே!"

வாசலில் 108 வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"சார், பேஷண்டு எழுந்துட்டாரு போலக்குதே… வண்டியத் திருப்பட்டுமா?"

சாலமோன் திரும்பிப் பார்த்தார். அஞ்சம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அரசப்பன் மேல்…

"இருய்யா… அஞ்சு செகண்ட்ல நெஜமாவே தேவைப்படும்!"