காலி ஃபோல்டர்

காலை பதினோரு மணிக்கு, கழுத்தில் புது அடையாள அட்டை ஆட, சின்ன சார் இயந்திரக் கூடத்துக்குள் நுழைந்தார். அட்டையில் அவர் பதவி மூன்று வரிக்கு ஓடியது. அதற்கு இடம் விட்டு, பெயரைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே ஒரே குளிர், ஒரே வெளுத்த வெளிச்சம். இரண்டு வரிசையாக நாற்பது சர்வர்கள், அவற்றின் விசிறிகள் ஓயாமல் இரையும் சத்தம், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை. அங்கே பகல் எது, இரவு எது என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

"வாங்க சின்ன சார்" என்றார் கூடத்தின் ஆபரேட்டர் அக்கா.

தலைமைப் பொறுப்புக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் 'சின்ன' போகவில்லை. ஏனென்றால் 'பெரிய சார்' என்ற பட்டத்தை இன்னொருவர் கையோடு கொண்டுபோய்விட்டார். அவர் வேறு யாருமல்ல, சின்ன சாரின் மச்சான், மனைவியின் அண்ணன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரடைப்பில் போனவர்.

எட்டு வருடம் இருவரும் ஒரே அலுவலகம். எது நின்றாலும் பெரிய சார் வந்து, சர்வரின் நெற்றியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு உட்கார்ந்து சரிசெய்வார். ஆபீஸ் அந்தத் தட்டைத்தான் பேசும். வீட்டிலும் அதே பாட்டு. குழாய் ஒழுகினால்கூட, "அண்ணன் இருந்தா இந்நேரம் முடிச்சிருக்கும்" என்பாள் மனைவி. சின்ன சார் புன்னகைப்பார். எட்டு வருடம் புன்னகைத்துக் கன்னம் வலித்ததே தவிர, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அதனால்தான் பதவியேற்ற முதல் நாளே பெரிய சாரின் ஃபோல்டரை அழித்தார். காப்பு நகலையும் விடவில்லை. 'பயனற்ற கோப்புகளை அகற்றும் தூய்மைத் திட்டம், முதல் கட்டம்' என்று இருநூறு பேருக்குச் சுற்றறிக்கையும் போனது. இரண்டாம் கட்டம் என்று எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் வினை தொடங்கியது.

எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று அந்த நாற்பது சர்வர்களும் பங்கு போட்டுக் கணக்கிடும். வேலை தொடங்கும்முன் ஒவ்வொன்றும் வேகக் கணக்குக்கான லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது அகப்படாவிட்டால் சர்வர் சண்டை போடாது. 'கிடைக்கவில்லை, மெதுவான வழியில் செய்கிறேன்' என்று லாக் எனும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, விரல் விட்டு எண்ணும் பிள்ளை மாதிரி ஆரம்பித்துவிடும். நாற்பது நிமிட வேலை ஆறு மணி நேரமானது.

அந்த லைப்ரரி எங்கே இருந்தது என்று கேட்கவும் வேண்டுமா? என்றோ ஒரு அவசரத்தில் பெரிய சார் அதைத் தன் ஃபோல்டரில் வைத்து, நாற்பது சர்வர்களையும் அங்கே கைகாட்டி விட்டிருந்தார். தற்காலிக ஏற்பாடுதான். எல்லா ஆபீஸிலும் போல, ஏழு வருடம் ஓடிவிட்டது.

அழித்தது தான்தான் என்று சின்ன சார் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாளை மாலை நான்கு மணிக்கு நிர்வாகிகள் முன் கணக்கு வேகமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் பதவி வெளியாள் ஒருவருக்குப் போகும், ஆளைக்கூடப் பார்த்தாகிவிட்டது.

புது லைப்ரரியை நாற்பதிலும் பொது இடத்தில் வைத்தார். லாக் சொன்னது: கிடைக்கவில்லை.

படிக்கும் அனுமதியைச் சரிபார்த்தார். கிடைக்கவில்லை.

பதிப்பை மாற்றினார். ஒருவரை விருந்துக்கு அழைத்தால் கூடவே நாலு பேரைக் கூட்டி வருவது போல, அந்த லைப்ரரிக்குத் துணையாக இன்னும் இரண்டு லைப்ரரிகள் தேவைப்பட்டன. அவற்றையும் வைத்தார்.

கிடைக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிடக்கூடப் போகாமல், இன்னொரு முறை ஓட்டினார்.

நாற்பது வரிகள் சரசரவென்று இறங்கின. நாற்பதிலும்: ஏற்றப்பட்டது.

"பார்த்தீங்களா அக்கா!" என்று துள்ளினார். "இதுக்குப் போய் என்னமோ மந்திரம் மாதிரிப் பேசினீங்களே. சும்மா கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான்."

அக்கா திரைக்கு அருகில் குனிந்தார். வரிகளின் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பது அங்கே இருந்தது.

பெரிய சாரின் ஃபோல்டரிலிருந்து.

"அது இப்ப இல்லையே" என்றார் சின்ன சார். தேடினார். அப்படி ஒரு ஃபோல்டர் எந்தச் சர்வரிலும் இல்லை.

"விட்டுடுங்க சார்" என்றார் அக்கா மெதுவாக. "ஓடுது இல்ல? நாளைக்கு முடியட்டும். கையை எடுத்துடுங்க."

பயந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் பொறாமைக்குப் பயத்தைவிட மூக்கு நீளம். நாளை பெரிய திரையில் நாற்பது வரி ஓடும். நாற்பதிலும் அந்தப் பெயர் நிற்கும். செத்தும் கொடுத்தவர்கள் உண்டு. இந்த ஆள் செத்தும் பேர் வாங்குகிறாரே!

"என் ஃபோல்டர்லேருந்துதான் ஏறணும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நாற்பது சர்வர்களையும் தன் ஃபோல்டர் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடி ஓட்டினார்.

விசிறிகள் நின்றன.

நாற்பதும், ஒரே கணத்தில்.

அந்தக் கூடத்தில் அவர் ஒருநாளும் கேட்டிராத நிசப்தம். தன் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு, வரிசையின் கோடியில், டொக் டொக்.

முதல் சர்வரின் பச்சை விளக்கு மஞ்சளானது.

டொக் டொக். இரண்டாவது.

"அக்கா," என்றார் கிசுகிசுப்பாக, "யாரு அங்க?"

"யாரும் இல்ல சார்." அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். "அசையாதீங்க."

டொக் டொக். டொக் டொக். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக்கொண்டு வருவது போல. ஒரு வரிசை முடிந்தது. திரும்பி, அடுத்த வரிசையில் வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பதாவது சர்வர் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

டொக் டொக்.

அப்புறம் சற்று இடைவெளி.

பிறகு அவர் நெற்றியில், ஐஸ் போன்ற ஒரு விரல், இரண்டு தட்டு.

விசிறிகள் இரைந்தன. விளக்குகள் பச்சையாயின. திரையில் நாற்பது வரி: ஏற்றப்பட்டது. எங்கிருந்து? சின்ன சாரின் ஃபோல்டரிலிருந்து. அவர் பெயர், நாற்பது தடவை, பிழையில்லாமல்.

அக்கா அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்.

"சார், இதுல நீங்க ஒண்ணுமே வைக்கலையே. காலியா இருக்கு. அப்ப எது ஏறிச்சு? எதுக்குள்ள ஏறிச்சு?"

அவசரத்தில் லைப்ரரியை அங்கே வைக்கவே மறந்திருந்தார். சொல்ல வாய் திறந்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று வந்தது. அந்த நிதானம் அவருடையது அல்ல. அக்கா அவரை உற்றுப் பார்த்தார். கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரிங்க பெரிய சார்" என்றார்.

மறுநாள் கூட்டம் அமோகம். கணக்கு முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. நிர்வாகி ஒருவர் கேட்ட கேள்விக்கு, சின்ன சாருக்குச் சுத்தமாக விடை தெரியாத கேள்விக்கு, அவர் வாய் எளிமையாகவும் ஒரு நகைச்சுவையோடும் பதில் சொன்னது. கைதட்டினார்கள். எட்டு வருடம் காத்திருந்த கைதட்டல். அது தனக்குப் பக்கத்து அறையில் யாருக்கோ விழுவது போல அவருக்குக் கேட்டது.

உள்ளுக்குள் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். வாய் புன்னகைத்தது. இந்தத் தடவை கன்னம் வலிக்கவில்லை.

மாலை வீட்டில், கால்கள் தாமாகவே நடந்தன, கைகள் ஒழுகும் குழாயை இறுக்கின. மனைவி சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. தட்டு வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வந்து தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நெடுநாள் அடக்கி வைத்ததைக் கொட்டுபவள் போல ஆரம்பித்தாள்.

"அவரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணா. உன்மேல அவருக்கு எப்பவும் ஒரே பொறாமை."

உள்ளே ஒருவர் கதவில்லாத சுவரை ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றது அவர் வாய், கனிவாக. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."