அம்மார் யாரைக் கொண்டு பிறந்தான்?

பெருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஷார்ஜாவின் முவைலா பகுதியில், மூன்றாவது மாடி வீட்டுச் சோபாவில் நான்கு புது உடுப்புகள் வரிசையாகக் கிடந்தன. வாப்பாவுக்கும் அம்மாருக்கும் சட்டை, உம்மாவுக்கும் மின்ஹாவுக்கும் சுடிதார். நான்கும் ஒரே மயில்நீலத் துணி.

ஒவ்வொரு பெருநாளுக்கும் இப்படித்தான். வாப்பா ராஜிக், அங்கே ரிப்பனும் லேஸும் விற்கும் கடை வைத்திருக்கிறார். பக்கத்துத் துணிக்கடையில் ஒரே சுருளிலிருந்து நான்கு பேருக்கும் வெட்டி வாங்கி வருவார். தொழுகை முடிந்ததும் எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் அன்றைக்கே சொந்த ஊரான காயல்பட்டினத்துக்குப் போய், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லார் கண்ணிலும் பட்டுவிடும்.

எட்டு வயது அம்மார் தன் சட்டையை எடுத்துச் சோபா மெத்தைக்கு அடியில் திணித்தான்.

"நான் படத்துக்கு வரலை."

"ஏன்டா, என்னாச்சு?" என்றார் உம்மா ஹாலிதா. அவர் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது.

"போன பெருநாள் படத்துக்குப் பெரியும்மா என்ன சொன்னாங்க? 'மின்ஹா அச்சு அசல் வாப்பா மூஞ்சி. இவன் யாரைக் கொண்டு பொறந்தான்னே தெரியலையே'ன்னு சொன்னாங்க. அதுக்கு எல்லாரும் சிரிப்பு பொம்மை போட்டாங்க. பதினேழு பொம்மை. நான் எண்ணிட்டேன்."

வீட்டில் மற்ற மூவருக்கும் நீள முகம், நேரான முடி. அம்மாருக்கு வட்ட முகம், சுருள் முடி. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும்.

"என்னை ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க" என்றான் அம்மார்.

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்னைக்கு அந்த வார்டுல பொறந்த ஆம்பளப் புள்ளை நீ ஒருத்தன்தான்டா. மத்த மூணும் பொண்ணுங்க. உன்னை யாரோட மாத்துறது?"

அவனுடைய அக்கா மின்ஹாவுக்குப் பதினோரு வயது. அதோடு விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். ஆனால், கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனிக்குப் போனபோது அம்மார் துணி காயவைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அப்போ நான் இவங்க புள்ளைதான், ராத்தா" என்றான் மெதுவாக. "ஆனாலும் தப்பா வந்துட்டேன்."

மின்ஹா நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவள் சுகந்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"அக்கா, ஒரே வீட்டுப் பிள்ளைங்க ஏன் வேற வேற மாதிரி இருக்காங்கன்னு உங்க புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு. அந்தப் பாடம்தான் என்ர உயிரை எடுக்குது" என்றாள் சுகந்தா. புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள். "லீவு முடிய எனக்குச் சோதனை. ஒரு மணித்தியாலத்தில கொண்டு வந்து தா. எண்ணெய் படக் கூடாது, சொல்லிப்போட்டன்."

மின்ஹா அந்தப் பாடத்தை வேகமாகப் புரட்டினாள். படங்களைப் பார்த்ததும் பாதி புரிந்தது போலிருந்தது. வாப்பாவின் பையிலிருந்த சாம்பிள் ரிப்பன்களை எடுத்துத் தரையில் பரப்பி, அம்மாரைக் கூப்பிட்டாள்.

"நம்ம உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல் இருக்கு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நாற்பத்தாறு நூல். குரோமோசோம்னு பேரு. முடி எப்படி, மூக்கு எப்படின்னு அதுலதான் எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"குறுக்க பேசாதே. வாப்பாவோட நாற்பத்தாறும் உம்மாவோட நாற்பத்தாறும் சேர்ந்தா நீ. அவ்வளவுதான்."

அம்மார் விரலை மடக்கினான். பிறகு தலையை ஆட்டினான்.

"அப்போ எனக்குத் தொண்ணூத்திரண்டு இருக்கணும். என் புள்ளைக்கு இன்னும் கூட. அதோட புள்ளை நூல்கண்டு மாதிரி உருண்டுதான் போகும். இது சரியா வரலை, ராத்தா."

அவன் சொல்வது சரிதான். மின்ஹா மறுபடி புத்தகத்தைப் பிரித்தாள். அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தாள். அதை இரண்டு முறை படித்தாள்.

"பாதி! பாதிதான் போகுது!" என்று கத்தினாள். "நாற்பத்தாறும் ஜோடி ஜோடியா இருக்கு. இருபத்து மூணு ஜோடி. குழந்தை உண்டாகறதுக்குன்னே தனியா இனச்செல்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஒவ்வொரு ஜோடியிலேர்ந்தும் ஒண்ணுதான் போகும். வாப்பா தர்றது இருபத்து மூணு, உம்மா தர்றது இருபத்து மூணு."

"சேர்த்தா நாற்பத்தாறு. இப்போ சரி" என்றான் அம்மார், வாத்தியார் மாதிரி.

மின்ஹா மாதிரிக்கு ஐந்து சிவப்பு ரிப்பன்களையும் ஐந்து பச்சை ரிப்பன்களையும் ஜோடியாக அடுக்கினாள். "இது வாப்பாவோடது. சிவப்பு அவர் வாப்பா கொடுத்தது, பச்சை அவர் உம்மா கொடுத்தது. இதுல எது உனக்கு வரும்னு யாரும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு எடு."

அம்மாருக்கு வந்தவை சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அதை ஒரு தாளில் எழுதிவிட்டு, மறுபடி அடுக்கி மின்ஹா எடுத்தாள். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை, பச்சை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஓர் இடம்தான் ஒத்துப்போனது.

"இதோட முடியலை" என்றாள் மின்ஹா. "பிரியறதுக்கு முன்னாடி ஜோடி ரெண்டும் ஒட்டிப் படுத்துக்கிட்டு, துண்டு மாத்திக்குமாம்." ஒரு சிவப்பு ரிப்பனையும் ஒரு பச்சை ரிப்பனையும் கத்தரித்து, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டினாள்.

"வாப்பாவோட சாம்பிள்! கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, நீ தொலைஞ்சே."

"அறிவியலுக்காக" என்றாள் மின்ஹா.

வாப்பா எத்தனை விதமாக எடுத்துக் கொடுக்க முடியும்? உம்மாவின் போனில் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனார்கள். இருபத்து மூன்று இரண்டுகள். நடுவில் ஒரு முறை கணக்குத் தவறி, முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசியில் வந்த எண்ணை அம்மார் திக்கித் திக்கிப் படித்தான்.

"எண்பத்து மூணு லட்சத்து... எண்பத்தெட்டாயிரத்து... அறுநூத்தி எட்டு!"

"துண்டு மாத்துறதை இதுல சேர்க்கலை. உம்மா பக்கமும் இதே மாதிரி எண்பத்து மூணு லட்சம் இருக்கு."

அம்மார் தன் சுருள் முடியைத் தடவிப் பார்த்தான். "அப்போ இது?"

"வாப்பா, உம்மா நூல்லயும் இது இருந்திருக்கும், ஆனா அவங்ககிட்ட வெளியே தெரியலை. உன்கிட்ட தெரியுது."

"தப்பா வரலையா?"

"எது தப்பு? சரியான விடைன்னு ஒண்ணு இருந்தாத்தானே தப்பாகும்? எனக்கும் இப்படிக் கண்ணை மூடி எடுத்த மாதிரிதான். எனக்கு விழுந்தது வாப்பாவோட மூக்கு. வருஷம் பூரா தும்மல்!"

அம்மார் சிரித்தான். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

அன்று மாலை வாப்பா வந்து பையைத் திறந்தார். "சாம்பிள் ரிப்பனை யாரு வெட்டினது?"

"வெட்டாம எப்படி, வாப்பா?" என்றான் அம்மார். "வெட்டி ஒட்டினாத்தானே நான்!"

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மின்ஹா மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். கேட்டு முடித்ததும் வாப்பா கண்ணாடி முன் போய் நின்று தன் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகம் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் சுகந்தாவிடம் போனது.

பெருநாளன்று ஸ்டூடியோவில் படம் எடுத்தவர் பாலகுரு. வேலைக்குப் புதிதாக வந்தவர். நான்கு பேரையும் நிற்கவைத்துவிட்டு, கேமரா வழியாகப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மறுபடி பார்த்தார்.

"அக்கா, தம்பின்னு சொன்னீங்க. துணி ஒண்ணாத்தான் இருக்கு, முகம் ஒட்டவே இல்லையே!"

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா செருமினார். மின்ஹா அம்மாரின் கையைத் தேடிப் பிடித்தாள்.

அம்மார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"ஒரே வீட்டுல ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு, அண்ணே?"

பாலகுரு சிரித்த சிரிப்பில் கேமரா ஆடி, முதல் படம் கலங்கிப் போனது. இரண்டாவது படம் தெளிவாக விழுந்தது. அதில் மற்ற மூவரும் வரிசையாக நிற்க, அம்மார் மட்டும் ஓரடி முன்னால் நிற்கிறான்.