வெள்ளைப் பலகையில் நான்கு புள்ளிகள்

“ஹலோ... இந்த ரூம் நான் புக் பண்ணது!”

நூலகத்தின் கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான் அவன். மழையில் நனைந்தவன், கோபத்தில் காய்ந்துகொண்டிருந்தான்.

உள்ளே ஒரு பெண் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்... பொறு என்பதுபோல.

“எந்த புரோகிராமைக் கொடுத்தாலும், இது ஓடி முடியும், இது முடியாம சுத்திக்கிட்டே இருக்கும்னு சொல்ற ஒரு புத்திசாலி புரோகிராம் இருக்குன்னு வெச்சுக்குவோம். நான் இன்னொண்ணு எழுதுறேன். அது தன்னைப் பத்தி அந்தப் புத்திசாலிகிட்டயே கேட்டுட்டு, நேர்மாறா நடக்கும்! ‘முடியும்’னு புத்திசாலி சொன்னா, இது முடியாம சுத்தும். ‘முடியாது’ன்னு சொன்னா, இது உடனே முடிஞ்சிடும். புத்திசாலி என்ன சொன்னாலும் தப்பு. அப்போ... அப்படி ஒரு புத்திசாலி இருக்கவே முடியாது. என்னைக்குமே!”

சொல்லிவிட்டு, தான் சொன்னதையே நம்பமுடியாதவளாக நின்றாள். அந்தக் கண்கள்... ஜன்னலில் வழிந்த மழையின் வெளிச்சமெல்லாம் அவற்றுக்குள் புகுந்துகொண்டது போலிருந்தது.

இதே நிரூபணத்தை அவனும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். இது இவ்வளவு அழகானது என்று மட்டும் இதுவரை தெரியாது!

“யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?” என்றான், கோபம் போன இடம் தெரியாமல்.

“இன்டர்வியூ எடுக்கிறவங்ககிட்ட.” நாற்காலிகளைக் காட்டினாள். “அந்த ஓரத்து ஆள் சிரிக்கவே மாட்டார்.”

அவன் சிரித்துவிட்டான்.

இருவரும் விண்ணப்பித்திருந்தது ஒரே பல்கலைக்கழகம், ஒரே கணினி அறிவியல் முதுகலை, ஒரே நேர்முகத் தேர்வு. இருக்கும் இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

“அப்போ நாம ரெண்டு பேரும் எதிரிங்க,” என்றான்.

“எதிரியும் உட்காரலாம். நாற்காலிக்கா பஞ்சம்?”

அதன்பிறகு அலுவலகம் விட்டால் அவன் கால்கள் தாமாகவே அங்கே போயின. அவள் கேள்வி கேட்பாள், அவன் பதில் சொல்வான். பிறகு மாறிக்கொள்வார்கள். தேர்வுக்குப் படிக்கும் வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குறைந்த தூர வழியைக் கண்டுபிடிப்பது பற்றி அவன் கம்பீரமாக விளக்கினான். “ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கிற இடத்துக்கே போனா போதும். மொத்த தூரமும் தன்னால குறைஞ்சிடும்!”

அவள் மார்க்கரை எடுத்தாள். பலகையில் நான்கு புள்ளிகள் வைத்தாள். கோடுகளில் தூரங்களை எழுதினாள். “உங்க வழியில போய்ப் பாருங்க.”

போனான். பக்கத்துப் புள்ளியிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை... ஆனால் அது அவன் கண்ணில் படவில்லை.

மறுநாளிலிருந்து அவன் போகவில்லை.

“என்னடா, வீட்டையே சுத்தி வர்றே?” அக்கா கேட்டாள். விஷயத்தைக் கறந்தும்விட்டாள். “ஓ... அந்தப் பொண்ணு முன்னாடியே உன் தப்பைக் காட்டினது நல்லதா, இன்டர்வியூவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நல்லதா?”

“உனக்கு ஒண்ணும் புரியாதுக்கா.”

“நல்லாவே புரியுது. சிரிச்சது ஊரு... கோபம் மட்டும் அவ மேல!”

அவனுக்கும் அது உறைத்தது. ஆனாலும் போகவில்லை. வீம்பு!

நேர்முகத் தேர்வன்று, தன் முறையை முடித்துவிட்டுத் தாழ்வாரத்தில் அவள் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் தரையைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டான்.

“பல கட்டடங்களைக் கம்பியால இணைக்கணும்,” என்றார் பேராசிரியை. “வட்டமா சுத்தி வராம, இருக்கிறதுலயே சின்னக் கம்பியா எடுத்துக்கிட்டே போனா செலவு குறைவா முடியும். ஏன்?”

மனப்பாடமான பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான்.

“மேடம்... பதில் மனப்பாடமா தெரியும். ஏன்னு தெரியலை. போர்டுல போட்டுப் பார்க்கட்டுமா?”

அவர் மார்க்கரை நீட்டினார்.

புள்ளிகள் வைத்தான். அவள் செய்வதுபோல, தன் வழியைத் தானே உடைக்கப் பார்த்தான். உடையவில்லை. ஏன் உடையவில்லை?... குட்டைக் கம்பியை விட்டுவிட்டு யார் இணைத்தாலும், அதை உள்ளே வைத்து நீளமான ஒன்றைக் கழற்றிவிடலாம்... செலவு ஏறாது... ஐயோ, எவ்வளவு எளிமை! அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெளியே வந்ததும் ஓடினான். யாரிடம் சொல்ல? அவளிடம்தான்!

“மன்னிச்சிடுங்க. நான் ஒரு வீம்பு பிடிச்சவன். அதை அப்புறம் திட்டுங்க... முதல்ல இதைக் கேளுங்க!” காற்றில் விரலால் புள்ளிகள் வைத்து அவன் சொல்லச் சொல்ல, அவள் கண்கள் விரிந்துகொண்டே போயின.

மாலையில் முடிவு ஒட்டினார்கள். கூட்டத்தில் முண்டியடித்துப் போனவன், முகமெல்லாம் பல்லாகத் திரும்பினான்.

“உங்க பேர்தான் முதல்ல!”

“உங்க பேரு?”

விழித்தான். “பார்க்கலை...”

“என்னது!”

“உங்க பேரைப் பார்த்ததும் என் பேரைத் தேடணும்னே தோணலை.” குரல் தழைந்தது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப...”

அவள் சட்டென்று கூட்டத்துக்குள் புகுந்தாள். வந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

“மக்கு! கடைசி வரியில இருக்கே!”

இடம் கிடைத்ததா? இருக்கட்டும்... அவன் காதில் விழுந்தது ‘இருக்கீங்க’ அல்ல, உரிமையோடு ஒரு ‘இருக்கே’!

“இப்போ... என்ன சொன்னீங்க?”

“நீ கடைசி வரியில இருக்கேன்னு சொன்னேன்.” தலை குனிந்தாள். “அப்புறம்... எனக்கும்தான்.”