பேர் சொல்லிக் கூப்பிடு

கூடத்துச் சீலிங்கின் மூலையிலிருந்த ஓட்டை வழியாக வயர் இறங்கி வந்தபோது, தன் புருஷன் இன்னும் வாசல் பக்கத்துக்கு மேலேதான் தவழ்ந்துகொண்டிருக்கிறான் என்பது மேனகாவுக்கு உறைக்கவில்லை.

அட்டுவம்பட்டிக்கு மேலே, மலையில் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த பழைய பங்களா அது. மதுரைக்காரர் ஒருவர் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவதற்காகக் கூடம் முழுக்கச் சீலிங்கில் பதிக்கிற டவுன்லைட் போடச் சொல்லியிருந்தார். பலகைச் சீலிங்குக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ மட்டும் இடம். புருஷன் அதற்குள் போய் ஒவ்வொரு ஓட்டையிலும் வயரை இறக்குவான். அவள் கீழே ஏணியில் நின்று விளக்கை மாட்டுவாள். பன்னிரண்டு வோல்ட்தான், ஷாக் அடிக்காது. அதனால் கரண்டை அணைக்காமலே வேலை பார்ப்பார்கள்.

மூலை வயரின் நுனியைத் தடவிப் பார்த்தாள். அவன் கட்டரால் சீவி, முறுக்கித்தான் இறக்குவான். இது பல்லால் கடித்து உரித்ததுபோல் பிசிறாக, ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மாட்டினாள். விளக்கு எரிந்தது.

"என்னங்க, அதுக்குள்ள மூலைக்குப் போயிட்டீங்களா?"

"ம்" என்று தலைக்கு நேர் மேலே கேட்டது.

கொஞ்சம் பொறுத்து, வாசல் பக்கமிருந்து அவன் குரல் வந்தது. அங்கே யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டான்.

மேனகா ஏணியிலிருந்து இறங்கினாள். சன்னல் வழியாக மஞ்சுமூட்டம் உள்ளே வந்து புதிதாக எரியும் விளக்குகளை மங்கலாக்கிக்கொண்டிருந்தது. எலிப் புழுக்கையும் நனைந்த மரமும் சேர்ந்த வாடைக்குள், நெடுநாள் மூடிக் கிடந்த வாயைத் திறந்ததுபோல் இன்னொரு வாடை ஓட்டைகளின் வழியே இறங்கியது. மூலையில் பலகை கிரீச்சிட்டது. பிறகு அடுத்த பலகை. வாசல் பக்கமாக, நிதானமாக.

"மேனகா, வயர இழுக்காத. கால்ல சுத்திக் கெடக்கு."

அவள் கையில் வயரே இல்லை.

"நான் இழுக்கலைங்க" என்றாள்.

மேலே ஏதோ இழுபடும் சத்தம். பலகையில் நகம் பிறாண்டும் சத்தம்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். மேலே ஏறுவதற்கான திறப்பு அங்கேதான் இருந்தது. ஏறித் தலையை உள்ளே நீட்டினாள். கும்மிருட்டு. அவனை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"என்னங்க, இங்கிட்டு வாங்க. வெரசா வாங்க."

"ம்."

பக்கத்திலேயே கேட்டது. கையை நீட்டினாள். ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. சில்லென்றிருந்தது. இந்தக் குளிரில் யார் கைதான் சில்லென்று இருக்காது? போன உயிர் திரும்பி வந்ததுபோல் அழுதுவிட்டாள்.

அப்போது கூடத்தின் மறுகோடிக்கு மேலிருந்து அவன் கத்தினான்.

"என்னங்கன்னு கூப்பிடாத. நீ கூப்பிடுறப்பெல்லாம் அது திரும்புது. பேரச் சொல்லிக் கூப்பிடு, நான் குரலப் பிடிச்சு வந்துர்றேன்."

பேரா? பூண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட ஆதார் அட்டையைத்தான் நீட்டுவாள். அவனே அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வான். இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. கையை உருவப் பார்த்தாள். விடவில்லை.

ஆயுசு போனால் போகட்டும். ஆள் வரட்டும்.

"அருண்பாண்டியன்" என்று அலறினாள்.

இருட்டு அசையாமல் கேட்டுக்கொண்டது.

இன்னொரு கை வந்தது. அவள் வாயைப் பொத்தியது. மண்ணும் ஈரமும். ஏணிப்படியிலிருந்து அவள் கால்கள் மெல்ல எழும்பின. கத்தினாள். சத்தம் வரவில்லை.

அவள் காதோரம், அவள் குரலிலேயே, அது கூப்பிட்டது.

"அருண்பாண்டியன், வெரசா வாங்க."

"வாரேன் மேனகா" என்று அவன் பதில் சொன்னான். அழுகையும் சிரிப்புமாக, பலகைமேல் முட்டி தட்டத் தட்ட, அவன் இந்தப் பக்கமாகத் தவழ்ந்து வரும் சத்தம் கேட்டது.